97 கெஜம்: சிகரெட் விற்க உரிமம் கேட்டு ஒரு பெட்டிக்கடைக்காரனின் திறந்த மடல்

பெறுநர்:
நகராட்சி நிர்வாகத் துறை, ஊரக வளர்ச்சித் துறை, மக்கள் நல்வாழ்வுத் துறை ஆகியவற்றின் மாண்புமிகு அமைச்சர்கள், செயலாளர்கள்,
தமிழ்நாடு அரசு, தலைமைச் செயலகம், சென்னை.

மதிப்புக்குரியவர்களுக்கு,

வணக்கம். தென்காசி மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியில், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே 22 ஆண்டுகளாகப் பெட்டிக்கடை வைத்திருக்கிறேன். ஆறடி அகலம், ஐந்தடி ஆழம். தொங்கும் வாழைத்தார், தண்ணீர் பாட்டில், ஷாம்புச் சரம், கடலைமிட்டாய் பாட்டில், வெற்றிலை, தீப்பெட்டி, பீடி, சிகரெட். பி.காம். முடித்தவன். ஊரில் பாதிப் பேருக்குப் பட்டா மாறுதலுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் நான்தான் மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். எனக்காக எழுதும் முதல் மனு இதுதான். எனக்கு ஓர் உரிமம் வேண்டும். சிகரெட் விற்பதற்கான உரிமம்.

வியாபாரிகள் அரசுக்கு எழுதினால் விலக்குக் கேட்டுத்தான் எழுதுவார்கள். கட்டுப்பாடு கேட்டு எழுதுகிறவனைப் பார்த்து எங்கள் வணிகர் சங்கத்தில் சிரிப்பார்கள். சிலருக்குக் கோபமும் வரும். வரட்டும்.

என் தராசுக்கு முத்திரை உண்டு. தொழிலாளர் துறை ஆய்வர் எடைக்கற்களைத் திருப்பிப் பார்த்து, அடியில் உள்ள ஈயத்தில் முத்திரை அடித்துத் தந்திருக்கிறார். கடலைமிட்டாய் விற்பதால் உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்று வைத்திருக்கிறேன். அதற்கு ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டுகிறேன். தீபாவளிக்கு நான்கு பெட்டி மத்தாப்பு விற்க நினைத்தால் தற்காலிக உரிமத்துக்கு அலைய வேண்டும். பேரூராட்சி தந்த தொழில் உரிமம் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருக்கிறது. அதில் ‘பெட்டிக்கடை’ என்று ஒரு சொல் இருக்கிறது. புகையிலை என்ற சொல் எங்கும் இல்லை. மதுவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2003 முதல் அதன் சில்லறை விற்பனையே அரசு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. பள்ளியிலிருந்தும் கோயிலிலிருந்தும் நகரத்தில் 50 மீட்டர், மற்ற ஊர்களில் 100 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று அதற்கு விதி இருக்கிறது. கடலைமிட்டாய்க்கும் காகிதம் உண்டு, மதுவுக்கும் காகிதம் உண்டு. இரண்டுக்கும் நடுவில் என் கையெட்டும் தூரத்தில் இருக்கும் சிகரெட்டுக்கு மட்டும் எதுவும் இல்லை.

காகிதம் இல்லாவிட்டால் தொல்லை இல்லைதானே என்று நீங்கள் கேட்கலாம். அப்படி இல்லை. ‘இந்த இடத்தில் நீ விற்கலாம்’ என்று சொல்ல என்னிடம் ஒரு தாளும் கிடையாது. ‘விற்கக் கூடாது’ என்று சொல்ல மூன்று துறைகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். 2003ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் பள்ளி, கல்லூரியிலிருந்து 100 கெஜத்துக்குள், அதாவது 300 அடிக்குள், புகையிலை விற்கக் கூடாது என்கிறது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு விற்கக் கூடாது என்கிறது. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். நான் கட்டியிருக்கிறேன். ஒரு முறை ரசீது கிடைத்தது. வேறு சில முறை கிடைக்கவில்லை. ரசீது கிடைத்த அன்று எனக்குப் பின்னாலேயே டீக்கடைக்கும் ரசீது கிழித்தார்கள். கிடைக்காத நாட்களில் என் கடையோடு திரும்பிப் போய்விட்டார்கள்.

அந்த 100 கெஜத்தின் கதையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். கெஜம் என்ற அளவை இன்று எங்கள் ஊரில் பந்தல்காரரும் ஜவுளிக்கடைப் பெரியவரும் தவிர வேறு யாரும் பேசுவதில்லை. சட்டம் பேசுகிறது. பள்ளியின் சுற்றுச்சுவர் விளிம்பிலிருந்து ஆரமாக அளக்க வேண்டும் என்று விதி. நான் கடை போட்டபோது சுவர் தூரத்தில் இருந்தது. பிறகு ஊர்ப் பெரியவர் ஒருவர் விளையாட்டு மைதானத்துக்கு நிலம் கொடுத்தார். சுவர் சாலைப் பக்கம் தள்ளி வந்தது. அந்தச் சுவருக்கு ஊரில் வசூல் நடந்தபோது நானும் ஐந்து மூட்டை சிமென்ட் கொடுத்தேன். சுவர் எழும்பிய பிறகு கொத்தனாரும் நானும் டேப் பிடித்து அளந்து பார்த்தோம். 291 அடி. மூன்றால் வகுத்தால் 97 கெஜம். ஐந்து மூட்டை சிமென்ட் கொடுத்து, ஒன்பது அடியில் சட்டத்தை மீறியவன் ஆனேன். கடையைப் பின்னால் நகர்த்தலாம் என்றால் பின்னால் வாய்க்கால்.

அளந்த அன்றே சிகரெட்டை நிறுத்தியிருக்க வேண்டும் என்றுதானே சொல்கிறீர்கள்? நிறுத்தினேன். 11 நாள் நிறுத்தினேன். என்னைவிடப் பள்ளிக்குப் பக்கத்தில், 60 கெஜத்தில், இரண்டு கடைகள் இருக்கின்றன. அந்த 11 நாளும் என் வாடிக்கையாளர்கள் அங்கே போனார்கள். சிகரெட்டுக்குப் போனவர்கள் டீயையும் வாழைப்பழத்தையும் அங்கேயே முடித்துக்கொண்டார்கள். ஊரில் யாரும் ஒரு சிகரெட்கூடக் குறைவாகப் புகைக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் பழையபடி பெட்டியைத் திறந்து வைத்தேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. என் கடையை யாரும் அரசின் சார்பில் அளந்ததில்லை, அந்தக் கடைகளையும் அளந்ததில்லை என்பதைச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மறைத்துவிட்டு மனு எழுதினால் அது மனு இல்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு மாலை நாலேகால் மணி. பள்ளி விட்ட நேரம். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், சீருடையில், கடலைமிட்டாய் பாட்டில் பக்கத்தில் நின்று, “அண்ணாச்சி, அப்பாவுக்கு ஒரு சிகரெட்” என்றான். காசைச் சரியாக எண்ணி வைத்திருந்தான். கூட்டம் இருந்தது. கொடுத்தேன். அடுத்த வாரம் அவன் அப்பா வெற்றிலை வாங்க வந்தார். மூட்டை தூக்குகிறவர். பேச்சுவாக்கில், “மூச்சிரைப்பு வந்து அதை விட்டு ஆறு வருடம் ஆகிறது, அண்ணாச்சி” என்றார். நான் வெற்றிலையை எண்ணிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன். அன்றிலிருந்து சீருடைக்குக் கொடுப்பதில்லை. ஆனால் சீருடையைக் கழற்றிவிட்டு வருகிறவனுக்கு 17 வயதா, 19 வயதா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆதார் அட்டை கேட்டால் சிரிக்கிறான். “நீங்கள் என்ன சர்க்காரா?” என்கிறான். நான் சர்க்கார் இல்லைதான். சர்க்கார் தந்த ஒரு தாள் என் தலைக்குமேல் தொங்கினால், ‘கொடுத்தால் இது போய்விடும் தம்பி’ என்று அதைக் காட்டவாவது முடியும்.

இனி வரி. உங்கள் துறைகளுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கோப்பை நிதித் துறைக்குத் தள்ளிவிடாதீர்கள். தொடர்பு இருக்கிறது.

புகையிலைக்கு வரி போடும் உரிமை மாநிலத்தின் கைக்கு வந்ததும் போனதும் பெரிய கதை. 1943இல் வெள்ளைக்கார அரசு புகையிலைக்கு மத்திய கலால் வரி போட்டது. 1957இல் சர்க்கரை, புகையிலை, மில் துணி மூன்றுக்கும் மாநிலங்கள் விற்பனை வரியை விட்டுக்கொடுத்தன. அதற்குப் பதிலாக மத்திய அரசு கூடுதல் கலால் வரி வசூலித்துப் பங்கு தந்தது. இடையில் சில மாநிலங்கள் ‘ஆடம்பர வரி’ என்ற பெயரில் புகையிலைக்கு வரி போட்டுப் பார்த்தன. 2005இல் உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு அது செல்லாது என்றது. 2007இல்தான் மதிப்புக்கூட்டு வரி போடும் வழி மாநிலங்களுக்குத் திறந்தது. பத்தே ஆண்டு. 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்து அதையும் மூடிவிட்டது. மது மாநிலத்திடமே இருக்கிறது. புகையிலையில், ஜிஎஸ்டிக்கு மேல் கலால் வரியும் போடும் வசதியை மத்திய அரசு தன்னிடம் வைத்துக்கொண்டது. மாநிலத்துக்கு அந்த வசதி இல்லை.

2026 பிப்ரவரி 1 முதல் அந்த வசதி எப்படி வேலை செய்கிறது என்பதை என் கடையில் நின்றே பார்க்கலாம். ஜிஎஸ்டியால் மாநிலங்களுக்கு ஏற்பட்ட இழப்பை ஈடுகட்ட வாங்கிய இழப்பீட்டு செஸ் போனது. சிகரெட்டுக்கு ஜிஎஸ்டி 28இலிருந்து 40 சதவீதம் ஆனது. அதோடு நீளத்தைப் பார்த்து, ஆயிரம் குச்சிக்கு 2,050 ரூபாயிலிருந்து 8,500 ரூபாய் வரை கலால் வரி. குச்சிக்கு இரண்டு ரூபாயில் தொடங்கி எட்டரை ரூபாய் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டியில் பாதி உங்களுக்கு வருகிறது. ஆனால் அந்த வீதத்தை நீங்கள் தனியாக ஏற்றவோ இறக்கவோ முடியாது. கலால் வரியின் கணக்கு இன்னும் வேடிக்கை. மத்திய அரசு 100 ரூபாய் வசூலித்தால் 41 ரூபாய் எல்லா மாநிலங்களுக்குமாகப் பிரிகிறது. அதில் தமிழ்நாட்டின் பங்கு நூற்றுக்கு நான்கு சொச்சம். பெருக்கிப் பாருங்கள். ஒன்றேமுக்கால் ரூபாய்கூட வரவில்லை. வாய்ப்புற்றோடு பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் மருத்துவமனைக்குப் போகிறவருக்கு மருந்தும் படுக்கையும் கொடுப்பது மாநில அரசு. வரியைப் பற்றிக் கடிதம் எழுதினால் டெல்லிக்கு எழுத வேண்டும் என்பது எனக்குத் தெரியும். கடை உரிமம் உள்ளாட்சியின் வேலை. அதை யாரும் உங்களிடமிருந்து வாங்கிக்கொண்டு போகவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

வரி ஏறினால் விற்பனை குறையும் என்பது உண்மைதான். நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த வரி என் கடை வரைக்கும் முழுதாக வந்து சேர்வதில்லை. ஜனவரிக் கடைசி வாரத்தில் விநியோகஸ்தரின் வண்டி எங்கள் பக்கம் வரவேயில்லை. கேட்டால் சரக்கு இல்லை என்றார்கள். பிப்ரவரியில் வந்தது. பெட்டியைத் திருப்பினால் டிசம்பர் தேதி, பழைய விலை. எனக்குப் போட்டதோ புது விலை. பில் கேட்டேன். அடுத்த இரண்டு வாரம் வண்டி என் கடை முன்னால் நிற்காமல் போனது. அதன்பிறகு நான் பில் கேட்பதில்லை.

நானும் யோக்கியன் இல்லை. பாக்கெட்டின் மேல் அதிகபட்ச விலை அச்சிட்டிருக்கிறது. ஒற்றைக் குச்சியின் மேல் என்ன இருக்கிறது? நானும் பக்கத்துக் கடைக்காரரும் பேசி வைத்துக்கொண்டதுதான் அதன் விலை. சில்லறைத் தட்டுப்பாட்டைச் சொல்லி ஒரு ரூபாய் மேலே வைக்கிறோம். பாக்கெட்டின் 85 சதவீதத்தை அடைத்துக்கொண்டு 2016 முதல் அந்தப் படம் இருக்கிறதே, அதையும் ஒற்றையாக வாங்குகிறவன் பார்ப்பதில்லை. ஒரு நாளைக்கு நூறு முறை அதைப் பார்க்கிறவன் நான்தான். எனக்குச் சிகரெட் பழக்கமே கிடையாது.

பீடியைப் பற்றிச் சொல்லாமல் தென்காசிக்காரன் புகையிலையைப் பற்றி எழுத முடியாது. என்னைப் படிக்க வைத்தது என் அம்மாவின் பீடி. இலையை ஈரத்துணியில் சுற்றி இரவே வைத்துவிடுவார். காலையில் திண்ணையில் காலை நீட்டி, மடியில் சுளகு. தகட்டை இலைமேல் வைத்துக் கத்தரியால் வெட்டி, தூளைப் பரப்பி, சுருட்டி, நூலால் கட்டி, வாயை மடக்கினால் ஒரு பீடி. இப்படி ஆயிரம். இலை மத்தியப் பிரதேசத்துக் காட்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வரும். தூள் கர்நாடகத்து நிப்பாணியிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வரும். சாயங்காலம் பீடிக்கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால், மடிப்புச் சரியில்லை என்று ஒரு கை பீடியைக் கழிவில் தள்ளுவார்கள். தள்ளியதைத் திருப்பித் தரமாட்டார்கள். நாற்பது வருடம் சுற்றியதில் கட்டைவிரல் ரேகை தேய்ந்து, ரேஷன் கடை இயந்திரத்தில் பதிய மறுக்கிறது. அம்மா அங்கே ஒவ்வொரு மாதமும் விரலைச் சேலையில் துடைத்துத் துடைத்து வைப்பார்.

1976இல் பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டமும் அதற்கான வரிச் சட்டமும் வந்தன. பீடிக்கு வரி வாங்கி, அந்தப் பணத்தைப் பீடி சுற்றுகிறவர்களுக்கே மருத்துவம், வீடு, பிள்ளைகள் படிப்பு என்று செலவிட வேண்டும் என்பது ஏற்பாடு. முக்கூடலில் பீடித் தொழிலாளர் மருத்துவமனை வந்தது. என் பள்ளிக்கூட நாட்களில் ஆண்டுக்கொருமுறை கிடைத்த உதவித்தொகை அந்த நிதியிலிருந்து வந்ததுதான். ஜிஎஸ்டிக்கு வழிவிட்டு 2017இல் அந்த வரி ஒழிந்தபோது அதன் வீதம் ஆயிரம் பீடிக்கு 5 ரூபாய். ஒரு பீடிக்கு அரைக் காசு. புகைக்கிறவன் அந்த அரைக் காசை உணர்ந்ததே இல்லை. இப்போது நல நிதிக்குப் பணம் பட்ஜெட்டில் ஒதுக்கினால்தான் உண்டு.

2025 செப்டம்பரில், மத்திய, மாநில அமைச்சர்கள் உட்காரும் ஜிஎஸ்டி கவுன்சில் பீடிக்கு வரியை 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைக்க முடிவு செய்தது. இலைக்கு 18இலிருந்து 5. தொழிலாளர்கள் நலனுக்காக என்று பேசிக்கொண்டார்கள். அந்தக் குறைப்பு எங்கள் தெருவில் எந்தப் பெண்ணின் கூலியிலும் ஏறி நான் பார்க்கவில்லை. பீடிப் புகை சிகரெட் புகையைவிட நல்லது என்று எந்த மருத்துவரும் சொல்லப்போவதில்லை. 2016-17இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் வயது வந்தவர்களில் பீடி குடிப்பவர்கள் 7.7 சதவீதம், சிகரெட் பிடிப்பவர்கள் 4 சதவீதம். ஏறத்தாழ இரண்டு மடங்குப் பேர் பிடிக்கும் பொருளுக்கு வரியைக் குறைத்துவிட்டு, அதைச் சுற்றுகிறவளின் பெயரைக் காரணமாகச் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. வரியைக் குறைக்காமல், ஆயிரத்துக்கு 5 ரூபாய்க்குப் பதில் 50 ரூபாய் வாங்கி அதே நல நிதியில் போட்டிருந்தால் நான் கைதட்டியிருப்பேன். இந்தப் பத்தியை மட்டும் தயவுசெய்து நிதித் துறைக்கு நகல் எடுத்து அனுப்புங்கள். அடுத்த கவுன்சில் கூட்டத்துக்குப் போகிறவர் கையில் இருக்கட்டும்.

சரி, உரிமத்துக்கு வருகிறேன்.

இது புது யோசனை இல்லை. 2017இல் மத்திய சுகாதார அமைச்சகமே மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது: புகையிலை விற்கும் கடைகளுக்கு உள்ளாட்சிகள் மூலம் உரிமம் கொடுங்கள், அந்தக் கடைகளில் மிட்டாய், பிஸ்கட், சிப்ஸ், குளிர்பானம் விற்க விடாதீர்கள் என்று. அதற்கு முன்பே, 2016இல், இமாச்சலப் பிரதேசம் ஒற்றை ஒற்றையாகச் சிகரெட், பீடி விற்பதைத் தடுத்துத் தனிச் சட்டம் போட்டது. கர்நாடகம் 2024இல் சட்டமன்றத்தில் நிறைவேற்றி, 2025இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டத்தில் வயதை 21 ஆக்கி, ஒற்றைச் சிகரெட்டுக்கும் தடை போட்டது. தமிழ்நாட்டில் இருக்கும் நமக்கு மற்ற மாநிலத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்வது கொஞ்சம் கூச்சமாக இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் கூச்சப்படாமல் இருக்கலாம்.

ஆனால் உரிமம் என்றதும் எனக்குள்ளும் ஒரு பயம் எழுகிறது, அதையும் சொல்ல வேண்டும். புது உரிமம் என்றால் புதிதாக ஒரு மேசை, அந்த மேசைக்கு அடியில் புதிதாக ஒரு கை. என் கடையில் இப்போது ரசீதில்லாமல் போகும் 200 ரூபாய் நாளைக்கு ரசீதில்லாமல் போகும் 2,000 ரூபாய் ஆகிவிடக் கூடாது. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் எவ்வளவு என்று அங்கேயே சுவரில் எழுதியிருக்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் கொடுத்ததாகவே ஆக வேண்டும். கட்டணம் என் மாதிரிக் கடைக்கு உணவுப் பதிவுக் கட்டணம் அளவுக்கு இருக்கட்டும். சூப்பர் மார்க்கெட்டுக்கும் விநியோகஸ்தருக்கும் பல மடங்கு இருக்கட்டும். ஆனால் ஆசைப்பட்டு அதை வருமானமாக்கிவிடாதீர்கள். கட்டணம் வேறு, வரி வேறு. கட்டணம் வரி மாதிரித் தெரிந்தால் கம்பெனி வக்கீல்கள் மறுநாளே நீதிமன்றத்தில் நிற்பார்கள். 2005 ஆடம்பர வரிக் கதை அவர்களுக்கு மனப்பாடம்.

உரிமத்தில் என் பெயரும் கடையின் இடமும் மட்டும் இருந்தால் போதாது. தூரத்தை நீங்களே அளந்து, இத்தனை கெஜம் என்று அதில் எழுதுங்கள். சுவர் பிறகு நகர்ந்தால் கடைக்காரனுக்குத் தகவல் கொடுத்து, மாறிக்கொள்ள அவகாசம் கொடுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. விநியோகஸ்தர் உரிம எண் உள்ள கடைக்கு மட்டும்தான் சரக்குப் போட வேண்டும், அந்த எண்ணைப் பில்லில் எழுத வேண்டும். இது மட்டும் நடந்தால், 60 கெஜத்துக் கடையைத் தேடி ஆய்வாளர் வெயிலில் அலைய வேண்டாம். நாலு பில் புத்தகத்தைப் புரட்டினால் போதும். டிசம்பர் சரக்கு பிப்ரவரி விலைக்கு வந்த கதையும் அந்தப் புத்தகத்திலேயே இருக்கும். இன்று சட்டம் ஆறடிக் கடையைத்தான் பிடிக்கிறது. நான்கு தாலுகாவுக்குச் சரக்கு அனுப்புகிற கிடங்கு வாசலில் யாரும் நின்று பார்த்ததில்லை.

குட்காவில் என்ன நடந்தது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 2001இல் தமிழ்நாடு தடை போட்டது, 2004இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது, 2013இல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மறுபடி தடை வந்தது. அதன் பிறகும் இரவில் பைக்கில் பை மாட்டிக்கொண்டு எங்கள் கடைகளுக்கு ஆள் வந்துகொண்டுதான் இருந்தான். நான் வாங்கவில்லை. வாங்கியவர்கள் உண்டு. வாங்கியவர் பிடிபட்டால் கடைக்குச் சில நாள் சீல், பிறகு அதே கடை, அதே ஆள். சிகரெட் உரிமம் என்று ஒன்று இருந்து, குட்கா விற்றால் அது ஓராண்டுக்குப் போகும் என்றால், அந்த பைக்காரனைப் பாதிக் கடைகள் வாசலோடு அனுப்பிவிடும்.

மிட்டாய் விஷயத்தில் மட்டும் உங்களோடு வழக்காட வேண்டியிருக்கிறது. சிகரெட் விற்கும் கடையில் மிட்டாய் கூடாது என்கிறது அந்த 2017ஆம் ஆண்டுக் கடிதம். ஒன்பதாம் வகுப்புப் பையன் நின்ற இடத்தை நினைத்துப் பார்த்தால், அதை எழுதியவர் என் கடையைப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார் என்று தோன்றுகிறது. நியாயம்தான். ஆனால் ஆறடிக் கடையில் மிட்டாயையும் பிஸ்கட்டையும் எடுத்துவிட்டால் மீதி இருப்பது வாழைத்தாரும் ஷாம்பும். சிகரெட்டை எடுத்துவிட்டால் காலை ஆறு மணிக்கு முதல் பஸ்ஸுக்கு வருகிறவர் என் கடைக்கு வரமாட்டார். ஒரே நாளில் எதையாவது எடு என்றால் எங்களில் பலர் சிகரெட்டைத்தான் வைத்துக்கொள்வோம், அதில்தான் அன்றாடக் காசு புரள்கிறது. அப்படி ஆனால் நீங்கள் நினைத்ததற்கு நேர்மாறாக, ஊருக்கு ஊர் சிகரெட்டுக்கென்றே தனிக்கடை முளைக்கும். இரண்டு ஆண்டு அவகாசம் கொடுங்கள். முதலில் சிகரெட்டைக் கண்ணில் படாமல், மூடிய அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள். மிட்டாயை வைத்துக்கொண்டு சிகரெட்டை விடுகிற கடைக்கு ஆவின் பால் முகவர் வேலையோ, இ-சேவைச் சிற்றங்காடியோ, ஏதோ ஒரு பிழைப்பைக் காட்டுங்கள். நான் முதல் ஆளாக வருவேன் என்று சத்தியம் செய்யவில்லை. யோசிப்பேன்.

புது உரிமத்துக்கு என்று விண்ணப்பப் படிவம் எதுவும் எங்கள் பேரூராட்சி அலுவலகத்தில் இல்லை. ஆகவே இந்த மடலையே என் விண்ணப்பமாக ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். விவரம்:

கடையின் வகை: பெட்டிக்கடை. அளவு: 6 அடிக்கு 5 அடி. தொடங்கி 22 ஆண்டுகள். தராசு முத்திரை, உணவுப் பதிவு, தொழில் உரிமம் மூன்றும் நடப்பில் உள்ளன. விற்கும் புகையிலைப் பொருட்கள்: சிகரெட், பீடி. குட்கா, பான்மசாலா இல்லை. அருகிலுள்ள கல்வி நிலையம்: அரசு மேல்நிலைப் பள்ளி. தூரம், நான் அளந்தபடி: 97 கெஜம்.

97 என்பதால் விண்ணப்பத்தை நீங்கள் மறுக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். மறுப்பதாக இருந்தாலும் எழுத்தில் மறுத்து, அதில் தேதியும் கையெழுத்தும் முத்திரையும் இருக்கட்டும். அதற்கு முன் ஒரு நாள் யாரையாவது அனுப்பி, 60 கெஜத்தில் இருக்கும் இரண்டு கடைகளையும் சேர்த்து அளந்துவிடுங்கள். டேப் என் கடையில் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு பெட்டிக்கடைக்காரன்
தென்காசி மாவட்டம்